கோடையா, கொடையா? பழனிமலை ஊர்ப்பெயர்கள் குறித்துச் சில எண்ணங்கள்

ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்களுக்கு 'என் ஊரும் அதன் பெயரும்' என்று ஒரு கட்டுரைப்பணி தருவது என் வழக்கம். மலையடிவாரத்திலிருந்தும் மலைமேலிருந்தும் வந்து பயிலும் பிள்ளைகள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் எழுதும் தாள்களில் ஒரு தொடர் தவறாமல் தலைகாட்டும்: கொடை என்றால் பரிசு, கானல் என்றால் வனம், ஆகவே கொடைக்கானல் என்பது 'வனத்தின் பரிசு'. இணையத்திலும் விடுதிகளின் விளம்பரத் தாள்களிலும் இதுவே. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் தமிழ் இலக்கணம் சற்றே அறிந்தவருக்குக் கூட இதில் ஓர் இடறல் தெரியும். வனத்தின் கொடை என்றால் 'கானற்கொடை' என்றல்லவா அமைய வேண்டும்? கொடைக்கானல் என்ற தொகையை விரித்தால் கொடையாகிய கானல், கொடைக்குரிய கானல் என்றுதான் பொருள் விரியுமேயன்றி, சொற்கள் இடம் மாறிக் குதிக்கமாட்டா.

ஊர்ப்பெயர்களுக்கு இப்படிப் பொருள் கற்பிப்பது புதிதன்று. ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலை வெளியிட்ட காலம் முதல் இந்த ஆர்வம் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. ஆர்வம் நல்லதே. பெயரின் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மண்ணைப் பாராமல் பொருள் சொல்லும்போதுதான் தொல்லை வருகிறது. மதுரை கே.கே. நகரில், வண்டியூர்க் கண்மாய்க் கரையருகே அமர்ந்து இதனை எழுதுகிறேன். இங்கிருந்து அந்த மலை சாலைவழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை அது மதுரை மாவட்டத்து மலை. மதுரையின் வரலாற்றையும் மலையின் பெயர்களையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதைக் கீழே காணலாம்.

முதலில் 'கோடை'. சங்க நூல்களில் கோடை என்றொரு மலை இருக்கிறது. அதன் தலைவன் கடிய நெடுவேட்டுவன். புறநானூற்றின் 205ஆம் பாடல் அவனைப் பற்றியது. பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். அகநானூற்றின் 13ஆம் பாடலிலும் கோடைப் பொருநன் பண்ணி என்பவன் வருகிறான். இம்மலைத்தொடரின் வடபுறத்தே பொதினி. அதுவே இன்றைய பழனி என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு. அங்கே ஆவியர் குடியினர் ஆண்டனர்; மயிலுக்குப் போர்வை தந்த பேகன் அக்குடியினன். ஆக, கோடை என்ற பெயர் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அது இத்தொடரின் மேல்மலையைக் குறித்தது என்று கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை.

வேடிக்கை ஒன்று உண்டு. புறநானூற்றுப் பாடலின் பின்னணி என்ன? பரிசில் தருவதற்குக் காலம் தாழ்த்திய கடிய நெடுவேட்டுவனிடம், மதியாது தரும் பரிசில் எமக்கு வேண்டா என்று புலவர் முகத்திற்கு நேரே சொல்லிவிட்டுப் போவது. கொடைக்காகப் பெயர் பெற்ற பேகன் பழனிப் பக்கம் இருக்க, கொடை தாமதித்தவன் மலைக்குக் 'கொடை' என்ற பெயரை நாம் வழங்கிக்கொண்டிருக்கிறோம்!

கோடை என்பதற்குப் பொருள் என்ன என்று கேட்டால் எல்லோரும் வேனிற்காலம் என்பார்கள். உடனே, வேனிலில் தங்கும் வனம், ஆகவே கோடைக்கானல் என்று இன்னொரு விளக்கம் பிறக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் கோடை விழா இந்த விளக்கத்திற்குத் துணை சேர்க்கிறது. ஆனால் வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கம் தமிழருடையது அன்று. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், காலராவாலும் காய்ச்சலாலும் தம் மக்களை இழந்தபின் குளிர்ந்த இடம் தேடி 1845இல் மேலே இரண்டு வீடுகள் கட்டினார்கள். கோடை வாசம் என்ற கருத்து அப்போதுதான் அம்மலைக்கு வந்தது. பெயரோ அதற்கு முன்பே இருந்தது. ஆகவே வேனில் என்னும் பொருள் பொருந்தாது.

பழந்தமிழில் கோடைக்கு வேறொரு பொருளும் உண்டு: மேற்கிலிருந்து வீசும் காற்று. கொண்டல், தென்றல், வாடை, கோடை என நான்கு திசைக்கும் நான்கு காற்றுகள். பாண்டிநாட்டுச் சமவெளியில் நிற்பவனுக்கு மேற்குத் திசையை அடைத்து நிற்பது இந்த மலைதான். மேல்காற்று அதன் மீதிருந்துதான் இறங்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. 'கோடு' என்றால் மலைமுகடு. திருச்செங்கோட்டில் இன்றும் அச்சொல் வாழ்கிறது. கோடுகளை உடையது கோடை. இவ்விரண்டில் ஒன்றே பெயரின் வேர் என்பது என் துணிபு. காற்றின் பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்கிறேன்.

அப்படியானால் நெடில் குறிலானது எவ்வாறு? ஆங்கில எழுத்தில் 'கோ'வும் 'கொ'வும் ஒன்றே. அளவைப் படங்களிலும் வருவாய்க் கணக்குகளிலும் ஏறிய பெயர், மீண்டும் தமிழுக்கு வரும்போது நெடிலைத் தொலைத்து வந்திருக்கலாம். வானொலியில் 'கோடைப் பண்பலை' என்று கேட்கும்போது அந்த நெடில் திரும்பி வந்ததுபோல் ஒரு மகிழ்ச்சி எனக்கு.

'கானல்' இன்னும் சுவையானது. சிலப்பதிகாரம் கற்றவர்க்குக் கானல் என்றவுடன் கடற்கரைச் சோலைதான் நினைவுக்கு வரும். கானல்வரி புகாரின் கடற்கரையில் நிகழ்வது. ஏழாயிரம் அடி உயரத்தில் நெய்தல் நிலத்துச் சொல்லுக்கு என்ன வேலை? அகராதிகள் மலைச்சார்பான சோலை என்ற பொருளையும் தருகின்றன. ஆனால் அகராதியை விட வலிய சான்று மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானலை ஒட்டி வட்டக்கானல். தொடரின் தென்மேற்கே, இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல், பெரியகானல். 2023இல் அரிக்கொம்பன் என்ற யானையை மயக்கமருந்து செலுத்திப் பிடித்த செய்தியால் சின்னக்கானல் நாடெங்கும் அறியப்பட்டதே, அந்த ஊர்தான். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மலைமேல் உள்ள சோலைக்காட்டைக் குறிக்க இவ்வட்டாரத் தமிழர் கானல் என்ற சொல்லைப் பொதுச்சொல்லாகவே வழங்கியிருக்கின்றனர் என்பது தெளிவு. மாநில எல்லை பின்னால் வந்தது. சொல்லின் எல்லை அதனினும் அகன்றது.

ஆனால் மலைத்தொடர் முழுமைக்கும் 'பழனிமலை' என்ற பெயர் எப்போதும் இருந்ததா? 1821ஆம் ஆண்டில் இம்மலையை அளந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு, தம் குறிப்புகளுக்கு இட்ட தலைப்பில் வராககிரி, கண்ணன் தேவன் மலைகள் என்றே எழுதினார். வராககிரி என்றால் பன்றிமலை. இந்தப் பெயரின் தடத்தைப் பிடித்துச் சென்றால் மதுரைக்கே வந்து சேர்வோம். திருவிளையாடற் புராணத்தில் சோமசுந்தரக் கடவுள் தாயிழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குப் பால் ஊட்டியதும், பின் அவர்களைப் பாண்டியனின் அமைச்சர்களாக்கியதும் இரண்டு படலங்களாக வருகின்றன. அவர்கள் வாழ்ந்த மலையின் பெயர் பன்றிமலை. கீழ்மலைப் பகுதியில் பன்றிமலை என்றே ஒரு சிற்றூர் இன்றும் உண்டு. பெரியகுளத்தின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் வராகநதி. அது இம்மலையில் பிறந்து வையையில் கலக்கிறது. பழனி முருகனின் புகழ் மலையின் பெயரை மூடிவிட்டது. பன்றி ஆற்றின் பெயரில் ஒதுங்கிக்கொண்டது. மேலே மறைந்த பெயர் கீழே நீரோடு இறங்கி வந்து மதுரை வைகையில் கலந்திருக்கிறது என்று நினைக்கையில் எனக்கு ஒருவித நெகிழ்ச்சி உண்டாகிறது.

இனி, பெரிய பெயர்களை விட்டுச் சிறிய ஊர்களுக்குள் நுழைவோம். செல்வம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பூம்பாறை, பேத்துப்பாறை, பெரும்பாறை, கிளாவரை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பள்ளங்கி, வில்பட்டி, அடுக்கம், அஞ்சுவீடு, செண்பகனூர், பண்ணைக்காடு, புல்லாவெளி. சொல்லிப் பார்த்தாலே மலை கண்முன் வருகிறது. பாறையும் வரையும் காடும் வெளியும் மரமும் பெயர்களாகி நிற்கின்றன. அடுக்கம் என்பது அடுக்கடுக்கான மலைச்சரிவு. சங்கப் புலவர்கள் குறிஞ்சித் திணையில் விரும்பி ஆண்ட சொல். நாம் வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதிப்போடும் சொல் ஒன்று, அங்கே கிராமத்தின் பெயராக வாழ்கிறது.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது வெள்ளகெவி. சாலை இல்லாத ஊர். கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையே செங்குத்துச் சரிவில், நடந்தே செல்லவேண்டிய இடம். ஊருக்குள் எவரும் செருப்பணிவதில்லை. மோட்டார்ச் சாலைக்கு முந்திய பழைய மலைப்பாதை அதன் வழியாகத்தான் ஏறியது. 'கெவி' என்றால் குகை, ஆழ்ந்த பள்ளம். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'கவி' என்றால் குகையே. இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மதுரைப் பேச்சில் அது இல்லை. மலை அதனைக் காத்து வைத்திருக்கிறது. 2025இல் 'கெவி' என்ற பெயரிலேயே இந்த ஊரின் இன்னலைச் சொல்லும் திரைப்படம் ஒன்று வந்தது. பலர் அச்சொல்லை முதன்முறையாகக் கேட்டது அப்போதுதான்.

அதுபோன்றே 'கோம்பை'. மூன்று புறமும் மலை சூழ்ந்த உட்பள்ளத்தைத் தேனி, திண்டுக்கல் மக்கள் கோம்பை என்பர். வேட்டைநாயால் பெயர்பெற்ற கோம்பை அவற்றுள் ஒன்றே. அச்சொல்லைத் தாங்கிய சிறிய இடங்கள் மலையடிவாரமெங்கும் இருக்கின்றன. நிலவியல் ஆசிரியர்கள் இத்தகைய நிலவடிவைக் குறிக்க ஆங்கிலச் சொல்லைத் தேடித் தவிக்கிறார்கள்.

தாண்டிக்குடிக்கு மக்கள் சொல்லும் கதை அழகானது: முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனியில் நின்றானாம், 'தாண்டிக்குதி' தாண்டிக்குடி ஆயிற்றாம். கதையை நான் மறுக்கவில்லை, கதை மக்களுடையது. ஆயினும் 'குடி' என்பது பழங்குடியிருப்பைக் குறிக்கும் சொல் என்பதையும், அவ்வூரைச் சுற்றிப் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிறைந்துள்ளன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். செண்பகனூர் இயேசு சபைத் துறவி ஆங்கிலேடு, நியூட்டன் என்பவருடன் சேர்ந்து பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. முருகன் தாண்டுவதற்கு முன்பே அங்கே குடி இருந்திருக்கிறது!

மதிகெட்டான் சோலையை மறக்க முடியுமா? உள்ளே போனவன் திசை தெரியாமல் மதி கெட்டு அலைவான் என்ற அச்சமே பெயராகி விட்டது. தொப்பித் தூக்கிப் பாறை என்று பேரிஜம் செல்லும் வழியில் ஓரிடம். கீழிருந்து மேலெழும் காற்று தலைத்தொப்பியைத் தூக்கிவிடும். தொப்பி வந்த பிறகுதானே இந்தப் பெயர் வந்திருக்கும்? ஆகவே பெயர் சூட்டும் ஆற்றல் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை.

ஏரிக்கு வருவோம். கொடைக்கானலின் அடையாளமே அதுதான். ஆனால் அது இயற்கை ஏரியன்று. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் சதுப்புப் பள்ளம் ஒன்றின் வாயில் கரை எழுப்பி ஓடைகளைத் தேக்கி அமைத்தது. பரப்பு சுமார் 60 ஏக்கர். அவர் பெயர் அதற்கு ஒட்டவில்லை. மக்கள் வெறுமனே 'ஏரி' என்கிறார்கள். இதில் கவனிக்கத்தக்கது அந்தச் சொல்லேதான். மதுரைக்காரர் எவரும் ஊர் நீர்நிலையை ஏரி என்று அழைப்பதில்லை. கண்மாய், குளம், ஊருணி, ஏந்தல், தெப்பம் இவைதாம் நம் சொற்கள். கண்மாய் என்பது மதகின் கண்ணையும் வாயையும் குறித்த 'கண்வாய்' என்பதன் திரிபு என்பர். பாசனத்திற்குத் திறந்துவிடும் நீரைக் குறித்த பெயர். கொடைக்கானல் ஏரிக்குப் பாசனம் இல்லை, மதகுப் பங்கீடு இல்லை, மடைக்காரர் இல்லை. அழகு பார்க்கவும் படகு விடவும் வெட்டிய நீர்நிலைக்குக் கண்மாய் என்ற பெயர் பொருந்தாது என்று மக்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். சேர்வராயன் மலையின் ஏற்காட்டிற்கு 'ஏரிக்காடு' என்று பலரும் விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் வடதமிழகத்தில் ஏரி என்பது அன்றாடச் சொல். நமக்கு அது இரவல்.

முழுக்க இரவல் என்றும் சொல்லிவிட முடியாது. என் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் உலகனேரி இருக்கிறது. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்ட இடம். அந்தப் பெயருக்குள் ஓர் ஏரி உறைந்து நிற்கிறது. அருகிலேயே கொடிக்குளம், ஆத்திகுளம், தல்லாகுளம், பீபிகுளம். தல்லாகுளத்தில் இன்று எத்தனை பேருக்குக் குளம் நினைவிருக்கும்? பாண்டியர் கல்வெட்டுகள் நம் நகரத்தையே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடக்குளத்தின் பாசனத்துக்குக் கீழ் அமைந்த மதுரை என்று பொருள். உலகப்புகழ் பெற்ற நகரம் ஒரு குளத்தைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. இன்று மாடக்குளம் எங்கிருக்கிறது என்று கேட்டால், பழங்காநத்தம் பக்கம் என்று நகரத்தைச் சொல்லிக் குளத்தை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் இட்ட பெயர்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பொறியாளர் கோக்கர் 1872இல் அமைத்த நடைபாதை கோக்கர்ஸ் வாக் ஆயிற்று. வனத்துறை அதிகாரி பிரையண்டின் பெயர் பூங்காவுக்கு. மதுரையில் கோட்டையை இடித்தபோது மேற்பார்த்த மாரட்டின் பெயர் வீதிக்கு வந்தது போலத்தான். பேரிஜத்தின் அருகே 'ஹாமில்டன் கோட்டை' என்றோர் இடம் உண்டு. அங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஹாமில்டன் என்ற படை அதிகாரி தங்கிய குடிலுக்கு அப்பெயர்.

தலையாறு ஒன்றைச் சொன்னால் போதும். பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே போகிறவர்கள் மலைமுகத்தில் வெள்ளை நூல்போல் விழும் அருவியைப் பார்த்திருப்பார்கள். உயரம் 297 மீட்டர், தமிழகத்திலேயே மிக உயர்ந்தது. ஆறு தொடங்கும் தலைமாடு என்பதால் அது தலையாறு. மஞ்சளாற்றுக்கு அதுவே ஊற்று. தொலைவில் சாலையிலிருந்து பார்த்த வெள்ளையருக்கு அது எலியின் வால்போல் தோன்றியது. 'ராட் டெயில்' என்றார்கள். நீரை நம்பி உழுதவன் தலையைக் கண்டான். வழிப்போக்கன் வாலைக் கண்டான். நம் சுற்றுலாக் குறிப்புகள் இப்போது 'எலிவால் அருவி' என்று அதைத் தமிழாக்கி எழுதுகின்றன.

சோலைக்கு நேர்ந்ததும் இதுவே. மலையுச்சிப் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் பசுமைக்காட்டுக்கு மக்கள் இட்ட பெயர் சோலை. ஆங்கிலேயர் அதனை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஷோலா' ஆக்கினர். இன்று உலகச் சூழலியலாளர் அனைவருக்கும் அது கலைச்சொல். பெருமைதான். ஆனால் நம் நாளிதழ்கள் 'ஷோலா காடுகள்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது சொந்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு சென்று திரும்பி வேற்றாளாக நிற்பதுபோல் இருக்கிறது. கரடிச்சோலை 'பியர் ஷோலா' ஆகிவிட்டது. மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில்தான் அந்நாளில் துரைமார்கள் மாட்டுவண்டியை விட்டிறங்கி டோலியில் ஏறுவார்கள். அவர்கள் ஏடுகளில் அந்த இடம் வெறும் 'டோப்'. நாயக்கர் போய்விட்டார். அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்திலோ, அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொடைக்கானலின் பெயர் எழுதப்பட்டு, ஊரே 'கொடை ரோடு' ஆகிவிட்டது.

பெயர் மாறுவதை நம் காலத்திலேயே கண்டோம். 'டெவில்ஸ் கிச்சன்' என்றிருந்த பாறைப் பிளவு, 1991இல் வெளிவந்த 'குணா' படத்திற்குப் பின் குணா குகை ஆயிற்று. 2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' அப்பெயரை மலையாளிகளிடமும் நிலைநாட்டியது. பாம்பாற்று அருவி, 1970களில் எடுத்த ஒரு சோப்பு விளம்பரத்தால், பலர் வாயில் 'லிரில் அருவி'. சிலர் இதற்கு வருந்துகிறார்கள். குணா குகைக்கு நான் வருந்தவில்லை. பிசாசின் அடுக்களையை விட ஒரு காதலனின் பெயர் தாழ்வில்லை. பாம்பாறு போவதற்குத்தான் வருத்தம். பாம்புபோல் வளையும் ஆறு என்ற காட்சி ஒரு சோப்புக்கட்டிக்கு விலைபோகலாகாது.

2020 சூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டதும், சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். எழுத்துக்கூட்டலைப் பற்றி அத்தனை விவாதம் நடந்தது. வருவாய்ப் பதிவேட்டில் ஏறாத பெயர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. ஓர் ஓடைக்கு, ஒரு பாறைக்கு, தேனெடுக்கும் ஒரு மரத்திட்டுக்குப் பளியரும் புலையரும் குன்னுவரும் இட்ட பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணகி கோட்டத்திற்கு ஏறும் வழியில் பளியன்குடி என்ற ஒரு பெயர் மட்டும் அந்த மக்களைச் சொல்லி நிற்கிறது.

சென்ற ஆண்டு மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர், 'வனத்தின் பரிசு' என்று தொடங்கி இணையத்தில் கண்டதை எழுதித் தந்திருந்தார். தாளைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் வீட்டுப் பூண்டு வயலிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஓடைவரை இருக்கும் இடங்களுக்கு உங்கள் அப்பத்தா என்னென்ன பெயர் சொல்வார், கேட்டு எழுதிவாருங்கள் என்றேன். அடுத்த வாரம் முப்பத்தேழு பெயர்களோடு வந்தார். அரை மைல் தூரத்திற்குள் முப்பத்தேழு. அவற்றுள் பதினொன்றை நான் எந்த அகராதியிலும் காணவில்லை. இவ்வாண்டு மலையிலிருந்து வந்துள்ள ஆறு பேரிடமும் இதே பணியைக் கொடுத்திருக்கிறேன். தாள்கள் பொங்கல் விடுமுறை முடிந்து வரும்.